மந்திரியின் வலது பக்கம்

"பட்டியைப் பார்த்தாயா?" என்று அம்மா யாரிடமும் கேட்டதில்லை. குதிரையேற்றம் சொல்லித்தரும் மற்ற எல்லோரும் கேட்பார்கள். அம்மா கேட்க மாட்டாள்.

பட்டி என்பது சேணத்தைக் குதிரையின் முதுகில் நிறுத்துவதற்காக வயிற்றுக்கு அடியில் இழுத்துக் கட்டும் தோல்வார். அதை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். நாம் இறுக்கிவிட்டதாக நம்பித் திரும்பியதும் மூச்சை விட்டுவிடும். பட்டி தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு முறை விரலை உள்ளே விட்டுப் பார்த்து இறுக்க வேண்டும். பார்க்காமல், சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் காலை வைத்து எம்பினால், சேணம் ஆளோடு சேர்ந்து சுழன்று குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய்விடும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அம்மா இதை ஒரே ஒரு முறை சொல்வாள். மறுநாள் இருப்பதிலேயே குள்ளமான குதிரையை மெத்தென்ற மணலில் நிறுத்துவாள். பிள்ளையின் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். பிறகு வாயைத் திறக்க மாட்டாள். மறந்த பிள்ளை சேணத்தோடு சுழலும். அம்மா அதை மூட்டையை இறக்குவதுபோல மணலில் இறக்கி வைப்பாள். மறந்தவர் அன்று மாலை அந்தக் குதிரையின் சாணத்தை அள்ள வேண்டும். அது எங்கள் ஊர் இளையோர் குதிரையேற்றக் கழகத்தின் வழக்கம். யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சே கிடையாது.

பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்ததுண்டு. "ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தினா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

"நான் எப்பவும் பக்கத்துல நிப்பேனா சார்?" என்றாள் அம்மா. "நான் இல்லாத அன்னைக்கும் பட்டி இருக்கும்."

நான் லிஃப்ட்களைச் சோதிக்கும் பொறியாளர். கம்பி அறுந்தால் கூண்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் இருக்கிறது. அந்தப் பிரேக்கிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு யாரும் கம்பியை அறுப்பதில்லை. அம்மாவின் முறையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

அம்மா போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலரும் "எவ்வளவு சாந்தமான மனுஷி" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் சாந்தம் மருந்துக்கும் கிடையாது. இறந்தவர்களை இப்படிச் சலவை செய்து மடித்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா குதிரைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. பற்பசைத் தொழிற்சாலையில் மூடி சரிபார்க்கும் வேலை அவளுக்கு. ஓடும் பட்டையில் வரும் குழாய்களில் எதன் மூடி கோணலோ அதை எடுத்துக் கூடையில் போட வேண்டும். என்னை ஏழு வயதில் கழகத்தில் சேர்த்தாள். எனக்குக் குதிரை என்றால் பயம். அதன் மூக்கு என் முகத்தருகே வந்து பெருமூச்சு விட்டதும் அலறிக்கொண்டு வேலியைத் தாண்டினேன். அந்தப் பருவம் முழுவதற்கும் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. திருப்பித் தர மாட்டோம் என்றார்கள்.

"அப்ப மிச்ச வகுப்பை நான் கத்துக்கறேன்" என்றாள் அம்மா.

அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்த செயலாளர் சிரித்தார். "மேடம், இது சின்னப் பிள்ளைங்களுக்கான கிளப்."

"பெரியவங்க ஏறினா குதிரை கீழ போட்டுடுமா?"

"அப்படி இல்ல..."

"அப்புறம் என்ன? நீங்க ஏறுறீங்கல்ல?"

அந்தச் செயலாளரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எதற்குக் கேப்டனாக இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. ரேடியோ பழுது பார்க்கும் என் அப்பா, "கேரம் போர்டு டீமுக்கா இருக்கும்" என்பார். ஆனால் கேப்டன் நல்ல உயரம். தேய்த்த சட்டை, பளபளக்கும் பூட்ஸ். கழகத்துக்காக ஊரெல்லாம் அலைந்து நன்கொடை திரட்டியவர். அவர் இல்லையென்றால் அந்த லாயத்துக்குக் கூரை இருந்திருக்காது. இதை அம்மாவே சொல்வாள். சொல்லிவிட்டு, "கூரை போட்டவர்ங்கறதுக்காக அவரைத் தலையில தூக்கி வெச்சுக்க முடியுமா?" என்பாள்.

அன்று கேப்டன் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார். அம்மா ஏழு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். முதல் மாதத்திலேயே பட்டியை மறந்து சாணம் அள்ளினாள். பிறகு மறக்கவே இல்லை. சில ஆண்டுகளில் பயிற்சியாளர் தேர்வில் தேறி, மூடி சரிபார்க்கும் வேலையை விட்டாள். "குழாய்ங்க எதுவும் என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. குதிரை பாக்குது" என்று காரணம் சொன்னாள்.

இப்படியே வெகுகாலம் போனது. பிறகு அம்மா குளியலறையில் சோப்பில் வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பின் பக்கவாட்டில் உலோகத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள்.

"இத்தனை வருஷம் குதிரை தள்ளிவிடல. சோப்பு தள்ளிடுச்சு" என்றார் அப்பா.

"வெளியே சொல்லித் தொலைக்காதீங்க. குதிரைதான்னு சொல்லுங்க. கொஞ்சம் கௌரவமா இருக்கும்" என்றாள் அம்மா.

எக்ஸ்ரே படத்தை நான் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த மூட்டு இனி முழுவதும் மடங்காது. இடது காலைக் கதவைப்போலப் பின்னாலும் பக்கவாட்டிலும் வீசலாம். மடக்கு நாற்காலியைப்போல மடக்கித் தூக்க முடியாது. குதிரை ஏறுபவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். குதிரையின் இடது பக்கம் நின்று, இடது காலை மடக்கி மார்பு உயரத்துக்குத் தூக்கி, அங்கவடியில் வைத்து ஏறுவதுதான் எங்கும் உள்ள முறை. அம்மாவால் அது இனி முடியாது.

ஊன்றுகோலைத் தூக்கிப் போட்ட வாரமே அம்மா கழகத்துக்குப் போனாள். கேப்டன் நாற்காலி போடச் சொன்னார். இனிப்பாகப் பேசினார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம். ரெஸ்ட் எடுங்க. ஒரு விழா வெச்சு மரியாதையா வழி அனுப்பறோம்."

"எங்க அனுப்பறீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்கு எனக்கே வழி தெரியும்."

அடுத்த கூட்டத்தில் புது விதி வந்தது. பதிவு பெற்ற ஒவ்வொரு பயிற்சியாளரும் ஆண்டுக்கு ஒரு முறை, வெளியிலிருந்து வரும் சோதகர் முன்னிலையில், தரையிலிருந்து உதவியில்லாமல் குதிரை ஏறிக் காட்ட வேண்டும். முடியாதவர் பதிவை இழப்பார். பதிவு போனால் களத்துக்குள் நின்று சொல்லித்தர முடியாது. கேப்டன் சொன்ன காரணத்தில் பிழை இல்லை. ஒரு பிள்ளையின் குதிரை மிரண்டு ஓடினால், பயிற்சியாளர் ஏறித் துரத்தியாக வேண்டும். விதி எல்லோருக்கும் பொது என்று எழுதப்பட்டது. யாருக்காக எழுதப்பட்டது என்று லாயத்தில் இருந்த பூனைக்கும் தெரியும்.

அம்மா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையருகே நின்றபடி சொன்னாள். "எதுக்கு எல்லாரும் இடது பக்கம் ஏறுறாங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

"கேப்டனைக் கேட்டேன். அந்தக் காலத்துல இடது இடுப்புல வாள் தொங்குமாம். வலது பக்கம் ஏறினா வாள் தடுக்குமாம். அதான் பழக்கமாம்." இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "என் இடுப்புல வாள் இல்ல. தகடுதான் இருக்கு. நான் வலது பக்கம் ஏறிட்டுப் போறேன்."

அப்பா ரேடியோவிலிருந்து தலையைத் தூக்கினார். "குதிரை ஒத்துக்குமா?"

"அதுகிட்ட இனிமேதான் கேக்கணும்."

நான் காகிதம் எடுத்து வரைந்து பார்த்தேன். வலது காலை அங்கவடியில் வைத்தால், இடது கால் மடங்க வேண்டியதில்லை. நீட்டியபடியே பின்னால் வீசிக் குதிரையின் முதுகைக் கடக்கலாம். மூட்டின் வீச்சு போதும். "கணக்குப்படி முடியும்மா" என்றேன்.

"கணக்குக்கு என்னடி, அது கீழ விழாது" என்றாள்.

குதிரை ஒத்துக்கொள்ளவில்லை. கழகத்தில் இருப்பதிலேயே அமைதியான குதிரையைப் பிள்ளைகள் தூங்குமூஞ்சி என்பார்கள். அதுவே முதல் நாள் அம்மா வலது பக்கம் வந்து அங்கவடியைத் தொட்டதும் கண்ணை அகல விரித்து வட்டமாக நகர்ந்தது. அம்மாவும் கூடவே நொண்டிக்கொண்டு வட்டமடித்தாள். பிறந்ததிலிருந்து மனிதர்கள் இடது பக்கமாகவே வந்து கடிவாளம் போட்டு, சேணம் போட்டு, ஏறி இறங்கியிருக்கிறார்கள். வலது பக்கம் வருவது மனிதர்தானா என்பதே அதற்குச் சந்தேகம்.

அம்மா ஒரு குதிரையை மட்டும் பழக்கவில்லை. எல்லாவற்றையும் பழக்கினாள். தனியாக அல்ல, பிள்ளைகளைக் கொண்டு. ஒரு வாரம் எல்லா வேலையும் இடது பக்கம், மறு வாரம் எல்லாம் வலது பக்கம். தேய்த்துவிடுவது, நடத்திக்கொண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாமே. வலது வாரத்தில் பிள்ளைகள் தங்கள் கால்களே தங்களுக்குத் தடுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த லாயத்தில் எந்தக் குதிரைக்கும் எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்றாகிவிட்டது.

ஒரு குதிரையைத் தவிர. அது கேப்டனின் சொந்தக் குதிரை. நல்ல உயரம், செம்பழுப்பு நிறம். நாள் முழுவதும் வேலையில்லாமல் நின்று, எல்லோரும் வந்து கவனிப்பதைப் பெருமையோடு ஏற்றுக்கொள்வதால் பிள்ளைகள் அதற்கு மந்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கேப்டன் தவிர யாரும் அதில் ஏறக் கூடாது.

சோதனை நாள் காலை. வெயில் ஏறவில்லை. மணல் களத்தைச் சுற்றி வேலியில் பிள்ளைகள் காக்கைபோல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் அப்பாவும் அவர்களுக்குப் பின்னால் நின்றோம். சோதகர் நடுவயதுப் பெண்மணி, வெயில் தொப்பி போட்டவர். வேறு ஊர்க்காரர், கழகத்தின் சண்டை எதுவும் அறியாதவர்.

முதலில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் தூங்குமூஞ்சியை வெளியே கொண்டுவரப் போனாள். கேப்டன் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். பழக்கி வெச்ச குதிரையில ஏறுறது என்ன சோதனை? பிள்ளையோட குதிரை மிரண்டா, கையில எது கிடைக்குதோ அதுல ஏறணும். மேடம் இதுவரைக்கும் ஏறாத குதிரையில ஏறட்டும்." சோதகரைப் பார்த்தார். "என் குதிரையையே தரேன்."

சோதகர் யோசித்தார். "நியாயமாத்தான் இருக்கு. உங்களுக்குச் சம்மதமா?"

என் பக்கத்தில் இருந்த சிறுமி, வாயாடி என்று பெயர் வாங்கியவள், திரும்பி என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "அக்கா, மந்திரிக்கு வலது பக்கம் பழகவே இல்ல."

அம்மா லாயக்காரரைப் பார்த்தாள். குதிரைகளைத் தினமும் பராமரிப்பவர் அவர். அவர் எதற்கோ இருமினார். அம்மாவின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது.

"சம்மதம்" என்றாள்.

அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் லாயத்துக்குள் போய்ப் பார்த்து விளங்கிக்கொண்டேன். மந்திரிக்குக் கேப்டன் கொடுத்திருந்தது இருப்பதிலேயே நல்ல இடம், ஜன்னல் வைத்த மூலைக் கொட்டடி. அந்த மூலையில் குதிரையின் இடது பக்கம் சுவர். சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. ஆள் நுழைய இடமில்லை. தீனி வைப்பவர், தேய்ப்பவர், குளம்பு பார்ப்பவர், சேணம் போடுபவர் எல்லோரும் வலது பக்கமாகத்தான் போக முடியும். வந்த நாளிலிருந்து அந்தக் குதிரைக்கு மனிதர்கள் என்றால் வலது பக்கம்தான். கேப்டனுக்கு இது தெரியாது. ஏனென்றால் அவர் கொட்டடிக்குள் கால் வைத்ததில்லை. குதிரையைத் தயார் செய்து வெளியே கொண்டுவந்து நிறுத்துவார்கள். லாயக்காரர் பட்டியை இறுக்கி, கேப்டன் கையுறை மாட்டும் நேரத்தில் இன்னொரு முறை இறுக்கி, விலகி நிற்பார். கேப்டன் ஏறுவார். தன் குதிரையின் பட்டியை அவர் தன் கையால் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆனால் தேய்ப்பதற்கு நிற்பது வேறு, பாரத்தைத் தாங்குவது வேறு. வலது அங்கவடியில் மனித எடை விழுந்து அது அறிந்ததில்லை. அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா வலது பக்கம் போனாள். மந்திரி காதைத் திருப்பியது, நகரவில்லை. பட்டியில் விரலை விட்டுப் பார்த்து இரண்டு துளை இறுக்கினாள். அங்கவடியைக் கையால் பிடித்துக் கீழே இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள், இன்னும் பாரமாக.

"நேரம் போகுது மேடம்" என்றார் கேப்டன்.

"அது யோசிச்சு முடிக்கட்டும் சார். நான் ரெடியாத்தான் இருக்கேன்."

வலது காலை வைத்தாள். எம்பினாள். மந்திரி ஓர் அடி விலகியது. அம்மா ஒரு கால் அங்கவடியில், ஒரு கால் மணலில் என்று நொண்டியபடி கூடவே துள்ளினாள். மடங்காத காலில் துள்ளுவது எப்படி வலிக்கும் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அப்பா என் கையைப் பிடித்தார். மந்திரி இன்னொரு அடி விலகியது. அம்மா இன்னொரு துள்ளு துள்ளினாள்.

"நீ எங்க போனாலும் வருவேன். பேசாம நில்லு" என்று குதிரையிடம் சொன்னாள்.

அது நின்றது. இடது கால் கதவுபோல நீண்டு, வீசி, முதுகைக் கடந்தது. அம்மா மேலே இருந்தாள்.

வேலியில் கூச்சல். அம்மா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குதிரையை நடத்தினாள், ஓட்டினாள், வட்டம் போட்டாள், சோதகர் கைகாட்டிய இடத்தில் நிறுத்தினாள். வலது பக்கமாகவே இறங்கினாள். இறங்கியதும், இத்தனை வருடமாகச் செய்வதுபோல, பட்டியை இரண்டு துளை தளர்த்தினாள். இறங்கியவர் முதலில் பட்டியைத் தளர்த்திக் குதிரையை மூச்சுவிட வைக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. அலுவலகச் சுவரில் பலகையில் எழுதியிருக்கிறது. எழுதியவர் கேப்டன்.

சோதகர், "தேர்ச்சி" என்றார்.

அம்மா கடிவாளத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். "அடுத்தது யாரு?"

சோதகர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பட்டியல்ல முதல் பேரு... கேப்டன் சார், உங்களுதுதான். தலைமைப் பயிற்சியாளர்னு போட்டிருக்கு."

கேப்டன் சிரித்தார். "அது சும்மா ஒரு கௌரவத்துக்கு."

"பதிவு பெற்ற ஒவ்வொரு பயிற்சியாளரும்னு விதியில இருக்கே சார்" என்றார் சோதகர்.

"நீங்க எழுதின விதி சார்" என்றாள் அம்மா. "குதிரையும் உங்களுது. இந்தாங்க."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். கடிவாளத்தை வாங்கினார். லாயக்காரர் பழக்கத்தில் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"உதவியில்லாமன்னு இருக்கு" என்றார் சோதகர். லாயக்காரர் நின்றுவிட்டார்.

கேப்டன் இடது பக்கம் போனார். நேராக அங்கவடியில் காலை வைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு வாய் திறக்க நேரமிருந்தது. திறக்கவில்லை. பிள்ளைகளிடம் எப்படி நிற்பாளோ அப்படியே நின்றாள். வேலியில் எல்லாப் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் அம்மாவின் பிள்ளைகள்.

கேப்டன் எம்பினார். சேணம் அவரோடு மெதுவாக, மிக மரியாதையாகச் சுழன்றது. ஒரு கணம் அவர் மந்திரியின் பக்கவாட்டில் உலரப்போட்ட துணிபோலத் தொங்கினார். பிறகு மணலில் உட்கார்ந்திருந்தார். மந்திரி அசையவே இல்லை. திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது.

வேலியிலிருந்து ஒரே குரலாக வந்தது. "பட்டி பாக்கல."

யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. யார் விழுந்தாலும் பிள்ளைகள் சொல்வது அது. பழக்கத்தில் வந்துவிட்டது.

கேப்டனின் முகம் சிவந்தது. எழுந்து மணலைத் தட்டினார். "வேணும்னே லூஸ் பண்ணிக் கொடுத்திருக்கீங்க."

"இறங்கினதும் லூஸ் பண்ணணும்னு போர்டுல எழுதினது யாரு சார்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஏழு வயசுப் பிள்ளைக்கே நான் சொல்றதில்ல. உங்களுக்குச் சொன்னா, நீங்க என்ன ஆறு வயசான்னு கேக்க மாட்டாங்களா?"

சோதகர் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது.

கேப்டன் சேணத்தை நிமிர்த்தினார். பட்டியை எந்தத் துளையில் போடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெகுநேரம் தடவினார். அம்மா காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை. கடைசியில் ஏறினார். நன்றாகவே ஓட்டினார். அவருக்குக் குதிரையேற்றம் தெரியும், அதில் சந்தேகமில்லை. இறங்கியதும், அம்மாவைப் பார்க்காமல், பட்டியைத் தளர்த்தினார்.

"தேர்ச்சி" என்றார் சோதகர்.

அன்று மாலை வாயாடி இரண்டு கைகளாலும் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் போய் நின்றாள். கேப்டன் கோப்புகளைப் புரட்டினார். தொலைபேசியில் பேசினார். அவள் நகரவில்லை. இருட்டுவதற்குள் கேப்டன் மண்வாரியை வாங்கிக்கொண்டு முதல் முறையாக மந்திரியின் கொட்டடிக்குள் போனார். இடது பக்கம் சுவர் இருப்பதை அன்றுதான் பார்த்திருப்பார்.

வீடு திரும்பும்போது நான் கேட்டேன். "நிஜமாவே, சொல்லியிருக்கலாம்லம்மா? அவர் இடுப்பு ஒடிஞ்சிருந்தா?"

அம்மா நொண்டியபடியே நடந்தாள். "நின்ன குதிரை, மெத்துனு மணல். கல்தரையா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "ரொம்ப வருத்தத்தோட சொல்லியிருப்பேன்" என்றாள்.

அப்பா தெருவிளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் களத்தில் நின்றாள். ஆண்டுதோறும் சோதனை நடந்தது. ரத்து செய்யலாம் என்று கேப்டன் இருமுறை சொல்லிப் பார்த்தார். அம்மா விடவில்லை. எனக்காக எழுதின விதி, என்னோடு இருக்கட்டும் என்றாள். அவர்கள் நண்பர்கள் ஆகவில்லை. ஒருவருக்கொருவர் "சார்", "மேடம்" என்பதற்குமேல் போகவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு நாள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் ஏறி இறங்கினார்கள்.

கடைசியில் நுரையீரல். மருத்துவமனைக் கட்டிலின் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். இடது பக்கமாக இறங்கச் சொன்ன தாதியிடம் அம்மா கட்டிலை நகர்த்தச் சொன்னாள். முடியாது என்றார் அவர். மறுநாள் நான் போனபோது கட்டில் நகர்ந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கமாக ஒரு வாரம் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

கேப்டன் வீட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். இடது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆகி, கைத்தடியோடு நடந்தார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"உங்கம்மா என்கிட்ட ஒரு தடவையாவது சாரி சொல்லியிருக்கலாம்" என்றார்.

"எதுக்கு சார்?"

யோசித்தார். "அதான் எனக்கும் தெரியல." கண்ணைத் துடைத்தார். "இந்த வருஷம் சோதனையை வேண்டாம்னு வெச்சிருக்கோம். அவங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னு."

என்னிடம் அதுவரை அழுகையைத் தவிர எதுவும் இல்லை. திடீரென்று வேறொன்று வந்தது.

"அது மரியாதை இல்ல சார். நடத்துங்க."

"யாரு ஏறுவாம்மா?"

"பட்டியல்ல முதல் பேரு யாருது?"

அவர் கைத்தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதே வாய்" என்றார்.

போன வாரம் சோதனை நடந்தது. நான் வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். களத்தின் நடுவில், அம்மா நிற்கும் இடத்தில், யாரும் சொல்லாமலேயே போய் நின்றேன். காலில் சாதாரணச் செருப்பு. குதிரைகள் என்றால் எனக்கு இன்னும் பயம்தான்.

மந்திரி எப்போதோ போய்விட்டது. இது வேறு குதிரை. கேப்டன் அதைத் தானே கொட்டடியிலிருந்து நடத்திக்கொண்டு வந்தார். கைத்தடியை மணலில் போட்டார். சோதகரைப் பார்த்து, "எந்தப் பக்கம்னு யாரும் கேக்கக் கூடாது" என்றார். வலது பக்கம் போனார்.

கடிவாளத்தைச் சேர்த்துப் பிடித்தார். வலது காலைத் தூக்கி அங்கவடியில் வைத்தார்.

பட்டியைத் தொடவில்லை.

வேலியில் பிள்ளைகள் அமைதியானார்கள். இவர்களில் பாதிப்பேர் அம்மாவிடம் கடைசியாகச் சேர்ந்தவர்கள். எழுபது வயதைக் கடந்தவர், மாற்றிய முழங்கால், பின்னால் பெல்ட்டைப் பிடிக்க ஆளில்லை. 'பட்டி' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டெட்டில் அவர் முதுகுப் பக்கம் போய் நின்றேன். கையை நீட்டி, தொடாமல், அவர் பெல்ட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டேன். குதிரை பெருமூச்சு விட்டது.

வாயைத் திறக்கவில்லை.

கேப்டன் எம்பவில்லை. காலை அங்கவடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். குனிந்து பட்டிக்குள் விரலை விட்டார். தொளதொளவென்றிருந்தது. ஒரு துளை இழுத்தார். குதிரை மூச்சை விடும்வரை காத்திருந்து, இன்னொரு துளை இழுத்தார்.

"நீயும் சொல்ல மாட்டியா?" என்றார், திரும்பாமலே.

"மாட்டேன் சார்."

"சரி, தள்ளி நில்லு. உதவியில்லாமன்னு இருக்கு."

தள்ளி நின்றேன். அவர் ஏறினார்.